பி.எட். ரிஃப்ளெக்டிவ் ஜர்னல்: "வகுப்பு சிறப்பாக அமைந்தது" என்பதைத் தாண்டி என்ன எழுதுவது?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பி.எட். முதலாண்டு முடிக்கும் நிலையில் இருப்பவர்களுக்காக இந்த இழை. மைக்ரோ டீச்சிங் (சிறு குழுவுக்குச் சில நிமிடம் நடத்தி, ஒரு நேரத்தில் ஒரு கற்பித்தல் திறனை மட்டும் பழகுவது) முடிந்து, நான்கு வாரம் பள்ளிக்கு அப்சர்வேஷன் போய்வந்து, அடுத்த ஆண்டின் 16 வார இன்டர்ன்ஷிப்புக்குத் தயாராகும் கட்டம் இது. ஒவ்வொரு வகுப்புக்கும் பிறகு ரிஃப்ளெக்டிவ் ஜர்னலில் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். யாருடைய நோட்டைப் புரட்டினாலும் அதே வரிகள்தான்: "மாணவர்கள் ஆர்வமுடன் கவனித்தனர். வகுப்பு சிறப்பாக அமைந்தது. நேர மேலாண்மையில் கவனம் தேவை." கையெழுத்தும் கிடைத்துவிடுகிறது. எழுதியவருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: உருப்படியாக எழுத என்ன வழி? முதலாண்டில் ஒரு பயிற்சி ஆசிரியரிடம் நிஜமாக மாற வேண்டியது என்ன?

---

முற்றியலுகரம்

எழுத ஒன்றுமில்லாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் லெசன் பிளானிலேயே இருக்கிறது. "மாணவர் குற்றியலுகரத்தைப் புரிந்துகொள்வர்" என்று நோக்கம் எழுதினால், மணி அடித்தபின் அது நடந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? தலையாட்டினார்கள் என்றுதான் சொல்லலாம். "கொடுத்த பத்துச் சொற்களில் குற்றியலுகரச் சொற்களைப் பிரித்தெடுப்பர்" என்று எழுதிப்பாருங்கள். ஜர்னலுக்கு வேண்டிய சரக்கு வகுப்பு முடியும்போதே கையில் இருக்கும்.

அந்தப் பத்துச் சொல்லையும் பார்த்துப் பொறுக்க வேண்டும். இப்படி வைக்கலாம்: நாடு, பசு, வரகு, கதவு, பந்து, அது, மார்பு, எஃகு, நடு, பாட்டு. ஆறு குற்றியலுகரம், நாலு முற்றியலுகரம். கடைசி ஐந்து நிமிடத்தில் கால் தாளில் எழுதி வாங்குங்கள். சரியான விடைகளை எண்ணுவதைவிடத் தவறுகளைப் பிரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. "கதவு"வைச் சேர்த்த பிள்ளைக்கு வல்லின மெய்யை ஊர்ந்து வர வேண்டும் என்ற நிபந்தனை போய்ச் சேரவில்லை. "பசு", "அது", "நடு" மூன்றையும் சேர்த்த பிள்ளைக்கு வல்லினம் தெரிகிறது, தனிக்குறிலை அடுத்து வந்தால் உகரம் குறையாது என்பது தெரியவில்லை. "எஃகு"வை மட்டும் விட்ட பிள்ளை ஆய்தத்தைப் பார்த்துத் தயங்கியிருக்கும். அந்த வகைக்கு எடுத்துக்காட்டுப் போதவில்லை, அவ்வளவுதான். மூன்று கூட்டத்துக்கும் மறுநாள் செய்ய வேண்டியது வேறு வேறு.

இந்தப் பாடத்தில் புதியவர்கள் வழக்கமாகச் சறுக்குவது, இலக்கண விதியை முதலில் சொல்லிவிட்டு ஆறு வகையையும் ஒரே பீரியடில் பலகையில் அடுக்குவதில். எடுத்துக்காட்டு நிறைய இருக்கும், எதிர்க்காட்டு ஒன்றுகூட இருக்காது. நடு–நாடு, எடு–ஏடு, பகு–பாகு என்று இணை இணையாக வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் ஈற்று உகரம் எங்கே குறுகுகிறது என்று காதே சொல்லிவிடும். விதி அதற்குப் பிறகு வரட்டும்.

மாதிரிக் குறிப்பு ஒன்று (எண்கள் உதாரணத்துக்கு):

*நோக்கம்: பத்துச் சொற்களில் குற்றியலுகரத்தைப் பிரித்தெடுத்தல்.*
*சான்று: 38 பேரில் 21 பேர் முழுக்கச் சரி. 11 பேர் பசு, அது, நடு சேர்த்தனர். 4 பேர் கதவு சேர்த்தனர். 2 பேர் எஃகு விட்டனர்.*
*காரணம்: தனிக்குறில் வரும் சொல் ஒன்றைக்கூடப் பலகையில் எழுதவில்லை.*
*நாளை: முதல் 7 நிமிடம் நடு–நாடு போன்ற இணைகளை வாசித்துக் கேட்டல். பிறகு வேறு ஆறு சொற்களால் மறுசோதனை.*

இவ்வளவு போதும். அரைப்பக்கம்கூட வராது.

---

தசமப்புள்ளி

முற்றியலுகரம் சாரின் முறை கணக்குக்கு அப்படியே பொருந்தும். ஒரு கூடுதல் எச்சரிக்கை: கேள்வியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் சான்றே உங்களை ஏமாற்றும்.

தசம எண்களை ஒப்பிடும் பாடம். "0.35, 0.5 இதில் பெரியது எது?" என்று கேட்கிறீர்கள். 0.5 என்று எழுதியவர்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டதா? இல்லை. இரண்டு விதமான தப்பான நம்பிக்கை பிள்ளைகளிடம் உண்டு. ஒன்று, இலக்கம் அதிகமானால் எண் பெரியது (35 ஐந்தைவிடப் பெரியது, ஆகவே 0.35 பெரியது). மற்றது நேர் எதிர்: பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரியது என்று பாதி கேட்டு, இலக்கம் குறைந்தால் எண் பெரியது என்று முடிவுகட்டிக்கொள்வது. இரண்டாம் வகைப் பிள்ளை மேற்கண்ட கேள்விக்குச் சரியாகவே எழுதும், தப்பான காரணத்தால்.

ஆகவே மூன்று கேள்வியாக வையுங்கள்: 0.35 – 0.5, 0.75 – 0.6, 0.4 – 0.40. முதல் வகைப் பிள்ளை முதலாவதில் தவறும், இரண்டாவது சரியாகும், மூன்றாவதில் 0.40 பெரியது என்னும். இரண்டாம் வகைக்கு முதலாவது சரி, இரண்டாவது தப்பு, மூன்றாவதில் 0.4 பெரியது. மூன்றும் சரியாக எழுதியவரைத்தான் நம்பலாம். தாளை வாங்கி மூன்று கட்டாகப் பிரிக்க ஒரு வகுப்புக்குப் பத்து நிமிடம் ஆகாது.

முதல் வகைக்கு இடமதிப்புக் கட்டத்தில் 0.5ஐ 0.50 ஆக நிரப்பச் சொன்னால் உடனே திருந்துவதுபோல் தெரியும். ஆனால் "பூஜ்யம் சேர்" என்பது வெறும் தந்திரமாக நின்றுவிடும். 10×10 கட்டத்தாளில் 35 கட்டம் ஒரு நிறம், 50 கட்டம் இன்னொரு நிறம் என்று தீட்ட வைத்துவிட்டுப் பூஜ்யத்தைச் சொல்லுங்கள்.

---

கடைசிபெஞ்ச்

சொல்வதெல்லாம் கேட்க நல்லா இருக்கு. நிலவரம் என்ன? லெசன் பிளான் ரெக்கார்டு, அப்சர்வேஷன் ரெக்கார்டு, அச்சீவ்மென்ட் டெஸ்ட் ரெக்கார்டு, கேஸ் ஸ்டடி, ஆக்ஷன் ரிசர்ச், டீச்சிங் எய்ட்ஸ், சைக்காலஜி ரெக்கார்டு. எல்லாத்துக்கும் பார்டர் போட்டு, ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு எழுதி, கமிஷன் (செய்முறைத் தேர்வு நடத்த வரும் குழு) வருவதற்குள் முடிக்கணும். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதாதவங்க எத்தனை பேர்? இதில் 38 பேர் தாளைப் பிரிச்சுக் காரணம் எழுதுன்னா யார் எழுதுவா?

இன்னொன்று, மைக்ரோ டீச்சிங். அது சுத்த நாடகம். நம்ம கிளாஸ்மேட்டையே எட்டாம் வகுப்பு மாணவனா உட்கார வெச்சு, "குட் மார்னிங் டீச்சர்" சொல்ல வெச்சு, "இதன் பெயர் என்ன?" "இலை டீச்சர்!" இதில் என்ன தொழில் கத்துக்க முடியும்?

---

கரும்பலகை

கடைசிபெஞ்ச், நாடகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது நடத்தப்படும் விதத்தை. முறையை முழுசாகச் செய்தால் கதை வேறு.

1963இல் ஸ்டான்ஃபோர்டில் இதைத் தொடங்கியபோது எதிரே உட்கார்ந்தது நிஜ மாணவர்களின் சிறு குழு. நம் ஊர் வடிவத்தில் சக பயிற்சியாளர்களே மாணவர்கள். சுற்று இப்படி: கற்பித்தல் 6 நிமிடம், பின்னூட்டம் 6, மறுதிட்டமிடல் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. மொத்தம் 36. இதில் எது அதிக நேரம் என்று பாருங்கள். மறுதிட்டமிடல். இந்த முறையின் உயிரே அந்த 12 நிமிடமும் அதற்கடுத்த 6 நிமிடமும்தான். பல இடங்களில் வெட்டப்படுவதும் அதுவே.

ஏன் வெட்டுகிறார்கள் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு யூனிட் 50 பேர். ஒரே அறையில் ஒருவர் பின் ஒருவராகச் செய்தால் ஒரு திறனுக்கு 50 × 36 = 1800 நிமிடம், அதாவது 30 மணி நேரம். நடக்காது. பத்துப் பேர் கொண்ட ஐந்து குழுவாகப் பிரித்து ஒரே நேரத்தில் நடத்தினால் 6 மணி நேரத்தில் ஒரு திறன் முடியும். ஒவ்வொரு குழுவிலும் ஆசிரியர் உட்கார வேண்டியதில்லை. கவனிப்புத் தாள் தெளிவாக இருந்தால் சக மாணவர் போதும்.

கவனிப்புத் தாளில் "குரல் நன்று, தன்னம்பிக்கை உள்ளது" என்றெல்லாம் எழுதக் கூடாது. கோடு போட்டு எண்ண வேண்டும். வினாக் கேட்கும் திறனா? ஆம்/இல்லை என்று முடிந்துபோகும் வினா எத்தனை, நினைவிலிருந்து சொல்லும் வினா எத்தனை, "ஏன்", "எப்படித் தெரியும்" என்ற வினா எத்தனை. வலுவூட்டும் திறனா? "வெரி குட்" எத்தனை முறை, விடையில் எது நன்றாக இருந்தது என்று குறிப்பிட்டுப் பாராட்டியது எத்தனை முறை, தப்பான விடைக்கு என்ன சொன்னார். ஆறு நிமிடத்தில் பதினைந்து "வெரி குட்" விழுந்த தாளைக் கையில் கொடுத்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கிளாஸ்மேட் எல்லாம் சரியாகவே விடை சொல்லிவிடுவது உண்மையான குறை. அதற்கு ஒரு வழி: தொடங்கும் முன் மூன்று சீட்டு எழுதி மறைவாகக் கொடுங்கள். "முதல் கேள்விக்கு இந்தத் தப்பான விடை சொல்", "கூப்பிட்டாலும் பேசாதே", "பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று கேள்". யாரிடம் எது என்று கற்பிப்பவருக்குத் தெரியக் கூடாது. தப்பான விடை வரும்போது "தப்பு, உட்கார்" என்று வாயில் வருகிறதா, அல்லது குறிப்புக் கொடுத்து அதே பிள்ளையை நகர்த்துகிறாரா, வேறொருவரிடம் கேட்டுவிட்டு மறுபடி அதே பிள்ளையிடம் திரும்புகிறாரா என்று அப்போதுதான் தெரியும்.

தனித்தனித் திறன்களோடு நின்றுவிடாமல் இணைப்புப் பாடத்தையும் செய்துவிடுங்கள். மூன்று திறன்களைச் சேர்த்து 15–20 நிமிடம். இதைத் தாண்டாமல் நேராக 45 நிமிடத்துக்குப் போகிறவர்தான் முதல் நாள் பத்தே நிமிடத்தில் பாடத்தை முடித்துவிட்டுப் பலகையைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

ரெக்கார்டுச் சுமை பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அதில் எதிர்வாதம் இல்லை.

---

வழிகாட்டி

பள்ளியில் கைடு டீச்சராக இருப்பவர்கள் பக்கத்திலிருந்து சில.

அப்சர்வேஷனுக்கு வருகிற பிள்ளைகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போகிறார்கள். பாடம் புத்தகத்திலேயே இருக்கிறதே. நீங்கள் எழுத வேண்டியது வகுப்பில் நடப்பதை. மூன்று வேலை சொல்கிறேன்.

முதலாவது இருக்கை வரைபடம். வகுப்பில் யார் எங்கே என்று கட்டம் போட்டு, ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. தானாகக் கை தூக்கிச் சொன்னால் புள்ளி. மூன்று பீரியட் போதும். முன்வரிசையிலும் நடு வரிசையிலும் கோடுகள் குவிந்திருக்கும், பின் மூலைகளில் வெள்ளையாக இருக்கும். ஆண்பிள்ளைகள் பக்கம், பெண்பிள்ளைகள் பக்கம் என்ற வித்தியாசமும் தெரியும். இன்டர்ன்ஷிப்பில் உங்கள் வகுப்புக்கே நண்பரை வைத்து இதைப் போட்டுப் பாருங்கள். பெயர்ப்பட்டியலை லெசன் பிளானோடு வைத்துக் கேட்டவர் பெயரில் டிக் போட்டுக்கொண்டே போனால் தானாகச் சமன்படும்.

இரண்டாவது காத்திருக்கும் நேரம். மேரி பட் ரோவின் ஆய்வு உங்கள் பாடத்திலேயே வரும்: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடியளவே பொறுக்கிறார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீளமாகின்றன, "தெரியாது" குறைகிறது. தேர்வில் எழுதுகிறோம், வகுப்பில் மறந்துவிடுகிறோம். நேரம் போய்விடும் என்று பயம். ஒரு பீரியடில் 20 கேள்விக்குக் கூடுதலாக இரண்டு வினாடி என்றால் 40 வினாடி. அவ்வளவுதான் செலவு. கேள்வியை முதலில் சொல்லுங்கள், மூன்று எண்ணுங்கள், பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற எல்லோரும் யோசிப்பதை விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது ஃபிளாண்டர்ஸ் முறை: வகுப்பில் ஆசிரியர் பேச்சையும் மாணவர் பேச்சையும் வகைபிரித்து எண்ணாகப் பதிவது. பத்து வகை, மூன்று வினாடிக்கு ஒரு பதிவு. 45 நிமிடத்துக்கு 900 எண் எழுத வேண்டும், கை ஓய்ந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு மட்டும் போடுங்கள், 100 பதிவு. சதவீதமும் கணக்கிடாமலே வந்துவிடும். பாடத்தின் தொடக்கத்தில் ஒரு ஐந்து நிமிடம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. விரிவுரை செய்யும் ஐந்தாம் வகை எவ்வளவு, மாணவர் தாமாகப் பேசும் ஒன்பதாம் வகை எவ்வளவு என்று பாருங்கள். ஜர்னலுக்கு இதைவிட நல்ல தரவு எங்கே கிடைக்கும்?

நேரக்கணக்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிளானில் 45 நிமிடம் என்று எழுதுவீர்கள், கையில் 35தான் கிடைக்கும். பிரேயர் நீளும், வருகைப்பதிவு, சுற்றறிக்கை, மதிய உணவுக்கு முந்தின பீரியடில் தட்டுச் சத்தம். நேரம் குறைந்தால் புதியவர்கள் எல்லோரும் வெட்டுவது கடைசி ஐந்து நிமிட மதிப்பீட்டை. வெட்டவே கூடாதது அது. பிளான் எழுதும்போதே நடுப்பகுதியில் எந்தச் செயல்பாட்டை விடலாம் என்று பென்சிலால் கட்டம் போட்டு வையுங்கள். மணி அடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது எங்கிருந்தாலும் நிறுத்திவிட்டு மதிப்பீட்டுக்கு வந்துவிடுங்கள்.

---

பொருநைக்கரை

வழிகாட்டி மேடம், அந்த நூறு பதிவு யோசனை அருமை. இனி என் இரண்டாவது கேள்வி. சான்று, எண்ணிக்கை எல்லாம் சரி. ஆளே மாறுவது பற்றி யாரும் பேசவில்லையே? தன்னையறிதல் தாளில் எழுதச் சொல்வது அதைத்தானே?

---

நாடோறும்

அதற்கு ஃபிரான்சஸ் ஃபுல்லர் 1969இல் முன்வைத்த பார்வை நன்றாக உதவும். பயிற்சி ஆசிரியரின் கவலை மூன்று கட்டமாக நகர்கிறது என்றார். முதலில் தன்னைப் பற்றி: வகுப்பு என்னை மதிக்குமா, மேற்பார்வைக்கு வருபவர் என்ன நினைப்பார், சேலை சரியாக இருக்கிறதா. அடுத்து வேலையைப் பற்றி: பாடம் முடியுமா, சார்ட் போதுமா. கடைசியில் விளைவைப் பற்றி: அந்தப் பிள்ளைக்கு ஏன் புரியவில்லை. எல்லோரும் இதே வரிசையில்தான் போவார்கள் என்று பிடிவாதமாகச் சொல்ல முடியாது, முன்னும் பின்னும் போய்வருவார்கள். ஆனால் ஜர்னலைப் படிக்க இது நல்ல கண்ணாடி.

செய்முறை: நாலு வாரக் குறிப்புகளை எடுத்து வாக்கியம் வாக்கியமாகப் பாருங்கள். எழுவாய் "நான்" என்றால் ஒரு நிறம், "பாடம், நேரம், உபகரணம்" என்றால் ஒரு நிறம், "மாணவர்" என்றால் இன்னொரு நிறம். முதல் வாரப் பக்கமெல்லாம் முதல் நிறமாகவே இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது இயல்பு. எட்டாவது வாரத்திலும் அப்படியே இருந்தால்தான் கவனிக்க வேண்டும். "மாணவர்கள் ஆர்வமுடன் கவனித்தனர்" என்பதை மூன்றாம் நிறத்தில் சேர்க்காதீர்கள். எந்த மாணவர், என்ன செய்தார் என்று இல்லாத வாக்கியம் உங்கள் நிம்மதிக்காக எழுதியது.

இனி அந்தத் தாள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014 விதிமுறையோடு இரண்டாண்டு பி.எட். வந்தபோது தொழில்திறன் மேம்பாட்டுக்கென்று நாலு தாள் வைத்தார்கள்: வாசித்துச் சிந்தித்தல், நாடகமும் கலையும், தகவல் தொழில்நுட்பம், தன்னையறிதல். கடைசியானது பெரும்பாலும் என் பலம், என் பலவீனம் என்று ஒரு கட்டம் போடுவதோடு முடிகிறது. "பலம்: கடின உழைப்பு. பலவீனம்: கோபம்." இதை வைத்து எதையும் மாற்ற முடியாது.

பயனுள்ள பயிற்சி ஒன்று உண்டு. பள்ளியில் ஒரு பிள்ளை வருஷத்துக்கு 200 நாள், நாளைக்கு 5 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்க்கிறது என்று வைத்தால், 12 வருஷத்தில் 12,000 மணி நேரம். எதிரே இன்டர்ன்ஷிப் 16 வாரம். வாரம் 5 நாள் என்று கொண்டால் 80 நாள், 90 சதவீத வருகை கட்டாயம். எது கெலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நெருக்கடியில் நம் வாயிலிருந்து வருவது பி.எட்.டில் படித்தது அல்ல, எப்போதோ நம்மை நடத்திய ஆசிரியரின் வாக்கியம். அதனால் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: வகுப்பில் என் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம், அது எப்போது வருகிறது, அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம். ஃபோனில் பத்து நிமிடம் உங்கள் குரலை மட்டும் பதிந்து கேட்டால் முதல் பத்தி நிரம்பிவிடும். "புரிஞ்சுதா?" எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். அதற்குப் பதில் "இதை உன் வார்த்தையில் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்" என்று மாற்றலாம். "இதுகூடத் தெரியாதா?" என்பதற்குப் பதில் "இதுவரை எது தெரிகிறது, அங்கிருந்து தொடங்கு". ஒரு வாரத்துக்கு ஒரு வாக்கியம் மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றும் நிற்காது.

---

தேர்வுநண்பன்

டெட் பேப்பர் இரண்டுக்கு சைக்காலஜி நோட்ஸ் யாரிடமாவது இருக்கிறதா? பிடிஎஃப் அனுப்பவும்.

நெறியாளர்

தேர்வுநண்பன், இதற்குத் தனி இழை இருக்கிறது. அங்கே கேளுங்கள். இங்கே பொருள் மாற வேண்டாம்.

---

கடைசிபெஞ்ச்

நாடோறும் சொன்ன 12,000 மணி நேரக் கணக்கு உறைக்குது. ஆனா "இதுகூடத் தெரியாதா" வருவது ஏன்னு யோசிங்க. 45 பிள்ளைங்க சத்தம் போடும்போது வருது. கிளாஸ் கன்ட்ரோலுக்கு ஒரு தாளும் கிடையாது. அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. அப்புறம் என்னதான் செய்யறது?

---

வழிகாட்டி

அடிக்கக் கூடாது என்பது அறிவுரை இல்லை தம்பி, சட்டம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17: உடல் தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் தடை. பயிற்சி ஆசிரியர் என்று விலக்குக் கிடையாது.

சத்தம் வரும் இடங்களைக் கவனித்தால் பெரும்பாலும் மூன்று: வகுப்பு தொடங்கும் முன், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, சீக்கிரம் முடித்தவர்களுக்கு வேலை இல்லாதபோது. மூன்றுமே பிளானில் சரிசெய்யக்கூடியவை.

மணிக்கு முன்பே வாசலில் நில்லுங்கள். பலகையில் மூன்று நிமிட வேலை ஒன்று எழுதியிருக்கட்டும், நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு கேள்வி போதும். "பேசாதீங்க" என்று தொடங்குவதைவிட "நோட்டைத் திறந்து முதல் கேள்வி" என்று தொடங்குவது நூறு மடங்கு மேல்.

கட்டளை கொடுக்கும்போது மூன்றும் இருக்க வேண்டும்: என்ன செய்வது, எவ்வளவு நேரம், முடித்தால் அடுத்து என்ன. "குழுவாகப் பேசுங்க" என்று விட்டால் சந்தைதான். "நாலு பேர், ஒரு தாள், மூன்று காரணம், ஐந்து நிமிடம், முடித்தவர்கள் பக்கம் 42இல் இரண்டாம் கணக்கு" என்றால் ஓடும். இதையெல்லாம் சொன்ன பிறகு தாளைக் கொடுங்கள். தாளைக் கொடுத்துவிட்டுச் சொன்னால் யார் காதிலும் விழாது.

அவர்கள் பேசும்போது நீங்கள் அதைத் தாண்டிக் கத்தாதீர்கள். நிறுத்தி, பேசுகிற பிள்ளை பக்கம் நடந்துபோய் நின்று, பாடத்தைத் தொடருங்கள். லீடரை விட்டுப் பேசுகிறவர் பெயரைப் பலகையில் எழுதச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எழுதப்பட்டவனுக்குப் பெருமை, எழுதுகிறவனுக்குப் பகை. சத்தம் குறையாது.

இதில் குரலும் அடங்கும். தொண்டை கட்டிக்கொண்ட பிறகு ரகசியக் குரலில் பேசினால் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் குரல்நாணுக்குச் சிரமமே. பேச்சைக் குறைத்துப் பலகை வேலையைக் கூட்டுங்கள், தண்ணீர் பாட்டில் மேஜையில் இருக்கட்டும். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

---

தசமப்புள்ளி

ஜர்னல் பற்றி ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிருக்கிறது. பிள்ளைகளின் பெயரை எழுதாதீர்கள். கேஸ் ஸ்டடியிலும் அப்படியே. "மாணவர் அ", "மாணவி 7" போதும். ரெக்கார்டு கல்லூரியில் பல கை மாறும், சீனியர் நோட்டு என்று வெளியேயும் போகும். "அப்பா குடிப்பவர்", "வாசிக்கத் தெரியாது" என்று பெயரோடு எழுதிவைத்தால் அந்தக் குடும்பம் அதே ஊரில் இருக்கிறது.

பாலியல் தொந்தரவு பற்றி ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால் அது ஜர்னலுக்கு உரிய விஷயமே இல்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், துருவிக் கேள்வி கேட்காதீர்கள், அன்றே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே குற்றம்.

---

பொருநைக்கரை

நன்றி தசமப்புள்ளி. இன்னும் ஒரு நடைமுறைச் சிக்கல். "11 பேருக்குப் புரியவில்லை, காரணம் என் எடுத்துக்காட்டு" என்று ஜர்னலில் எழுதினால் இன்டர்னல் மார்க் குறையாதா? பலரும் பயப்படுவது இதற்குத்தான்.

---

முற்றியலுகரம்

குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறுக்க முடியாது. ஆனால் "எனக்குத் தெரியவில்லை, சரியாக நடத்தவில்லை" என்று பொதுவாகப் புலம்பியதற்குக் குறைப்பது வேறு, எண்ணும் காரணமும் அடுத்த நடவடிக்கையும் உள்ள குறிப்புக்குக் குறைப்பது வேறு. இரண்டாவதை வைவாவில் எடுத்துக் காட்டி விளக்க முடியும். மறுநாள் மறுசோதனையில் 11 பேர் 3 ஆனது என்று அடுத்த பக்கத்தில் இருந்தால் வாதமே வேண்டாம்.

கடைசிபெஞ்ச்

வைவாவில் நோட்டைத் திறக்கவே நேரம் இருக்காது சார். அட்டை நல்லா இருக்கான்னுதான் பார்ப்பாங்க. ரெண்டு நோட்டு வெச்சுக்கிறதுதான் வழி. ஒண்ணு கையெழுத்துக்கு, ஒண்ணு நமக்கு.

கரும்பலகை

இரண்டு நோட்டு என்றால் இரண்டாவது நோட்டு இரண்டாவது வாரத்தோடு நின்றுவிடும். அதைவிட, லெசன் பிளானின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். எந்தப் படியில் எத்தனை மணி ஆனது, எந்தக் கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை, எங்கே சிரித்தார்கள். வகுப்பு நடக்கும்போதே ஒரு சொல், ஒரு எண். மாலையில் அதைப் பார்த்து நாலு வரிக் குறிப்பு பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். மூன்று நாள் கழித்து உட்கார்ந்தால் மறுபடி "சிறப்பாக அமைந்தது"தான் வரும்.

எல்லா வகுப்புக்கும் இவ்வளவு வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு இரண்டு வகுப்பை ஆழமாக எழுதுங்கள், மற்றவற்றுக்கு இரண்டு வரி. கிப்ஸின் ஆறு படிச் சுழற்சியை (நடந்ததை விவரிப்பதில் தொடங்கி அடுத்து என்ன செய்வது என்பதுவரை ஆறு தலைப்பில் எழுதும் முறை) ஒவ்வொரு நாளும் முழுக்க நிரப்பச் சொல்லும் இடங்களில்தான் காப்பியடிப்பு அதிகம். ஆறு தலைப்பில் நாலு வெறும் நிரப்பல் ஆகிவிடுகிறது.

கடைசிபெஞ்ச்

வாரம் இரண்டுன்னா முடியும். பிளான் ஓரத்தில் எழுதறதும் சரி. ஃபேர் காப்பியில் எழுதினா மேடம் திட்டுவாங்களே?

கரும்பலகை

ரஃப் பிளானை வகுப்புக்கு எடுத்துப் போங்கள், ஃபேர் காப்பியை மேற்பார்வைக்குக் கொடுங்கள். ரஃபைக் கிழித்துப் போடாமல் தேதி போட்டு ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். ஆக்ஷன் ரிசர்ச்சுக்குத் தலைப்புத் தேடும்போது அதிலிருந்தே எடுக்கலாம். ஒரே தவறு மூன்று வாரம் திரும்பத் திரும்ப வந்திருந்தால் அதுதான் தலைப்பு.

பொருநைக்கரை

அந்தக் கால் தாள்களை எத்தனை நாள் வைத்திருப்பது?

முற்றியலுகரம்

மறுசோதனை முடியும்வரை. பிறகு மூன்று வகைத் தவறுக்கும் ஒவ்வொரு தாள், பெயரை வெட்டிவிட்டு ஃபைலில் ஒட்டிக்கொள்ளுங்கள். மீதியைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுங்கள், எது தப்பு என்று அவர்களும் பார்க்கட்டும்.